வாலிபர் ஐக்கியமும் வாட்ஸ்அப்பும்: பிள்ளைகளோடு பேச எந்த வழி?

கிறிஸ்தவ சபைகளில் இளைஞர் அமைப்பான வாலிபர் ஐக்கியத்துக்குப் புதிய கமிட்டி பொறுப்பேற்ற அன்றே, நாற்காலிகளை மடக்கி அடுக்குவதற்கு முன்பாக, ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கப்பட்டுவிடும். செயலாளர் தன் சொந்தக் கைபேசியில் அதைத் தொடங்கி, யாருடைய எண் கையில் இருக்கிறதோ அவர்களையெல்லாம் சேர்த்துவிடுவார். விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்குக்குத் தயாராக்கும் திடப்படுத்தல் வகுப்புக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணும் அதில் இருப்பாள். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஊருக்கு வரும் முப்பது வயது இளைஞரும் இருப்பார். இதை யாரும் ஒரு தீர்மானமாக நினைப்பதில்லை. கமிட்டி மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறாது. சபைக்குள் பெரியவர்களும் சிறாரும் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பது மட்டும் அந்த ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

சேகரக் கமிட்டி, பங்குப் பேரவை, மூப்பர் கூட்டம் போன்ற சபை நிர்வாகக் குழு எதிலாவது உட்கார்ந்து இதைத் தெரிந்தே தீர்மானிக்க விரும்புகிறவர்களுக்காக இந்த ஒப்பீடு. எந்தச் செயலி பாதுகாப்பானது என்று கேட்டால் உருப்படியான விடை கிடைக்காது. ஒவ்வொரு வழியையும் நான் நான்கு கேள்விகளால் அளக்கிறேன். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தவிர வேறு யாரும் எட்டிப்பார்க்க முடியாத இடம் இதில் உண்டா? பேசியது பிறகும் இருக்குமா, அழிந்துவிடுமா? பிள்ளையின் எண் யார் யார் கைக்குப் போகிறது? நான்காவது கேள்வியைத்தான் கமிட்டிகள் மறந்துவிடுகின்றன: தொல்லை வரும்போது ஒரு பிள்ளை உண்மையிலேயே இந்த வழியில் வந்து பேசுமா?

முதலில் சட்டம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்கு 18 வயது நிறையாத எவரும் குழந்தைதான். பதினேழரை வயது பிளஸ் டூ மாணவனும் குழந்தைதான். பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்ப நேரிலோ மின்னணு வழியிலோ தொடர்புகொள்வதைப் பாலியல் தொந்தரவு என்று அதன் 11ஆம் பிரிவு வரையறுக்கிறது. தொட்டால்தான் குற்றம் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மத நிறுவனத்தின் நிர்வாகத்தில் அல்லது பணியில் இருப்பவர் அந்த நிறுவனத்தில் உள்ள குழந்தைமீது பாலியல் தாக்குதல் நடத்தினால் சட்டம் அதைக் கடுமையான வகையில் சேர்த்துத் தண்டனையைக் கூட்டுகிறது. குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்தாலோ யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தன்கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. ஆயரும் சபைச் செயலாளரும் இந்தக் கடைசி வரியை இரண்டு முறை படிப்பது நல்லது.

தனிச் செய்தி

பெரும்பாலான சபைகளில் இன்று நடப்பது இதுதான். யாரும் தேர்ந்தெடுத்ததில்லை, தானாக வந்து ஒட்டிக்கொண்ட வழி. வாலிபர் தலைவர் தன் கைபேசியிலிருந்து பிள்ளைக்கு, பிள்ளை தலைவருக்கு.

இதன் பலத்தை மறுக்க முடியாது. நான்காவது கேள்வியில் இதற்கு முழு மதிப்பெண். கூடுகையில் வாய் திறக்காத பையன் இரவில் நான்கு வரி எழுதுவான். தேர்வுக்கு முந்தைய நாள் பயந்து நடுங்கும் பெண் "அண்ணா, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்புவாள். உண்மையான மேய்ப்புப் பணி பாதி இங்கேதான் நடக்கிறது என்று வாலிப ஊழியர்கள் சொன்னால் நான் நம்புகிறேன்.

மற்ற மூன்று கேள்விகளிலும் இது தோற்றுப்போகிறது. தவறான எண்ணம் உள்ள ஒருவர் எப்படி நெருங்குவார் என்று பாருங்கள். முதல் வாரம் காலையில் ஒரு வேத வசனம். அடுத்து, "உன் கணக்குத் தேர்வுக்காக விசேஷமாக ஜெபித்தேன்." பிறகு, "சாப்பிட்டாயா?" அதன் பிறகு, "அந்த அக்கா உன்னைப் பற்றி அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. நீ மற்றவர்களைப் போல இல்லை." கடைசியில், "இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், வேறு யாருக்கும் தெரிய வேண்டாம்." ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துக் காட்டினால் எந்தக் கமிட்டியும் குற்றம் என்று சொல்லாது. முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்கிற மூன்றாவது கண்ணுக்குத்தான் அது தெரியும். தனிச் செய்தியில் அந்தக் கண் இல்லை.

பெற்றோர் கைபேசியை வாங்கிப் பார்த்துக்கொள்வார்கள் என்பது பழைய நம்பிக்கை. ஓர் உரையாடலை மட்டும் விரல் ரேகைக்குப் பின்னால் பூட்டிவைக்கும் வசதியை வாட்ஸ்அப் 2023இல் கொண்டுவந்துவிட்டது. ஒருமுறை பார்த்ததும் மறையும் படமும், 24 மணி நேரத்தில் அழியும் செய்தியும் அதற்கும் முன்பே வந்துவிட்டன.

நல்ல எண்ணம் மட்டுமே உள்ள தலைவருக்கும் இது பாதுகாப்பான இடம் இல்லை. அவருக்கு இருபத்திரண்டு வயது, பொறியியல் கடைசி ஆண்டு. இரவு பதினொன்றரைக்குப் பதினாறு வயதுப் பிள்ளை எழுதுகிறது: "ஒரு விஷயம் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள்." அவர் பாசத்தில் சத்தியம் செய்துவிடுகிறார். அதன்பின் பிள்ளை சொல்வது போக்சோ குற்றமாக இருந்தால், சத்தியத்தைக் காத்தால் சட்டத்தை மீறுகிறார், சட்டத்தைக் காத்தால் பிள்ளையின் நம்பிக்கையை உடைக்கிறார். அனுபவமில்லாத ஓர் இளைஞரை நடு இரவில் தனியாக இந்த இடத்தில் நிறுத்துவது சபை அவருக்குச் செய்யும் அநியாயம். பிறகு யாராவது அவர்மீது பொய்ப் பழி சுமத்தினால் அவர் பக்கம் சாட்சி சொல்லவும் ஆள் இருக்காது.

எல்லோரும் இருக்கிற பெரிய குழு

பார்வைக்கு வெளிப்படையானது. இருநூறு பேர் பார்க்கும் இடத்தில் யார் தவறாகப் பேசுவார்கள்? பேசமாட்டார்கள். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் உள்ள ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஆபத்து குழுவில் எழுதப்படுவதில் இல்லை. எழுதாமல் எண்ணை எடுத்துக்கொண்டு போவதில் இருக்கிறது. பதினான்கு வயதுப் பெண்ணின் எண், அவள் முகம் தெரியும் முகப்புப் படத்தோடு, அவள் ஒருமுறைகூடப் பேசியிராத ஐம்பது ஆண்களின் கைக்குப் போகிறது. அன்று இரவே "ஹாய் சிஸ்டர், பிரைஸ் த லார்ட்" வந்து விழும். பெயர் தெரியாத எண். எந்தக் குழுவிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்கவே வழியிருக்காது.

வேறொரு தொல்லையும் உண்டு, நம் சபைகளுக்கே உரியது: ஜெபக் குறிப்பு. "நம் சகோதரி ஒருவரின் வீட்டில் சமாதானம் இல்லை, தகப்பன் குடித்துவிட்டு வருகிறார், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு தலைவர் நல்ல மனத்தோடு குழுவில் போடுவார். பெயர் இல்லாவிட்டாலும் அது யார் வீடு என்று கண்டுபிடிக்க ஊருக்கு அரை மணி நேரம் போதும். மறுநாள் பள்ளிப் பேருந்தில் அந்தப் பெண்ணிடம் வேறொரு பிள்ளை கேட்கும். அதற்குப் பிறகு அவள் எதையும் யாரிடமும் சொல்லமாட்டாள். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வீட்டுக் கதை வெளியேறுவதைத் தடுக்க எந்தச் செயலியிலும் பொத்தான் இல்லை. கமிட்டிதான் விதி வைக்க வேண்டும்: சிறாரின் ஜெபக் குறிப்பு எந்தக் குழுவிலும் எழுத்தில் வராது.

குழு வேண்டும் என்றே முடிவு செய்தால் வயதை வைத்துப் பிரியுங்கள். 13 முதல் 17 வரை ஒன்று, 18க்கு மேல் வேறொன்று. பதின்மூன்றுக்குக் கீழே எதுவும் வேண்டாம்; வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டின் விதிப்படியும் அந்த வயதில் பிள்ளை தானாகக் கணக்குத் தொடங்கக்கூடாது. சிறார் குழுவில் குறைந்தது இரண்டு அட்மின்கள், அவர்களில் ஒருவர் பெண். கல்யாணமாகிப் போனவர்கள், வெளிநாடு போனவர்கள், "சும்மா இருக்கட்டும்" என்று விட்டுவைத்த பழைய தலைவர்கள் எல்லோரையும் வெளியே எடுத்துவிட வேண்டும். மனஸ்தாபம் வரும்தான். வரட்டும்.

அறிவிப்பு மட்டும் போகும் வழி

அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்று குழுவை மாற்றுவது எளிது. அதைவிட நல்லது, 2022 இறுதியில் வாட்ஸ்அப் கொண்டுவந்த, பல குழுக்களை ஒரே குடையின்கீழ் சேர்க்கும் கம்யூனிட்டி வசதி. அதன் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. அட்மினுக்கு மட்டும் தெரியும். அதன்கீழே உள்ள துணைக் குழுவில் சேர்ந்தால் எண் அங்கே வழக்கம்போலத் தெரிந்துவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். 2023இல் வந்த, ஒருவழியாக மட்டும் செய்தி போகும் சேனல் வசதியில் பின்தொடர்பவர்களின் எண்கள் பொதுவாக அட்மினுக்கே தெரிவதில்லை. ஆனால் சேனல் ஊருக்குத் திறந்த கதவு. விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஆக்‌ஷன் பாட்டுக்கு ஆடும் ஏழு வயதுக் குழந்தைகளின் படத்தை அங்கே போட்டால் யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று தெரியவே தெரியாது.

கூடுகை நேரம், வேன் புறப்படும் இடம், பாட்டுப் பயிற்சி ரத்து, ரிட்ரீட் கட்டணம் ஆகியவற்றுக்கு அறிவிப்புப் பகுதி போதும். பிள்ளை பதில் பேச மட்டும் இடமில்லை. இதை மட்டும் வைத்துக்கொண்டு "நாங்கள் பாதுகாப்பாக இருக்கிறோம்" என்று ஒரு சபை நினைத்தால், பேச்சு முழுவதும் யாருக்கும் தெரியாத தனிச் செய்திகளுக்கு இடம் மாறியிருக்கும்.

பெற்றோர் வழியாக

வீட்டுக்கு ஒரே தொலைபேசி இருந்த காலத்தில், மணி அடித்தால் அப்பா எடுத்து "யார் பேசுவது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியே பாதி வேலையைச் செய்துவிட்டது. பெற்றோர் குழு அந்த நடைமுறையைத் திரும்பக் கொண்டுவருகிறது. ஞாயிறு பள்ளி வயதுக்கு இதைவிட நல்ல வழி எதுவும் இல்லை. பல வீடுகளில் அந்த வயதில் பிள்ளை பயன்படுத்துவது அம்மாவின் கைபேசிதான்; 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காகக் கைமாறிய கைபேசி முழுதாகத் திரும்பி வரவில்லை என்பது வேறு விஷயம்.

சிக்கல், வயது கூடும்போது தொடங்குகிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அப்பா வழியாகச் செய்தி வந்தால் அவமானம். அதைவிடப் பெரிய சிக்கல், தொல்லையே வீட்டுக்குள் இருப்பது. குழந்தைகளைத் துன்புறுத்துகிறவர்களில் பெரும்பாலானோர் அந்தக் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்கள் என்பதைக் குற்றப் புள்ளிவிவரங்கள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. மாமாவாகவோ சித்தப்பாவாகவோ தகப்பனாகவோ இருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குப் பெற்றோர் குழு அடைத்த கதவு. ஆகவே இது தேவை, ஆனால் இது ஒன்றே போதாது.

பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் எந்த வழியைத் தேர்ந்தாலும் வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது வரை குழந்தை என்றே கொள்கிறது. குழந்தையின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. திடப்படுத்தல் வகுப்புப் படிவத்தில் இரண்டு வரி சேர்த்தால் முடிந்தது.

இன்ஸ்டாகிராம், டெலிகிராம், மற்றவை

பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டும் என்ற வாதம் இங்கேதான் வரும். இன்ஸ்டாகிராம் தன் பங்குக்குச் சில வேலிகள் போட்டிருக்கிறது. தன்னைப் பின்தொடராத சிறாருக்குப் பெரியவர் செய்தி அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாடு 2021இல் வந்தது. 2024 செப்டம்பரில் அறிமுகமான பதின்வயதினர் கணக்கு தானாகவே, மற்றவர் அனுமதியின்றிப் பார்க்க முடியாத தனிக்கணக்காக இருக்கும்; 16 வயதுக்குக் கீழானவர் அந்த அமைப்பைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். நல்லதுதான். ஆனால் இந்த வேலிகள் எல்லாம் அந்நியரை நிறுத்தப் போட்டவை. வாலிபர் தலைவர் அந்நியர் இல்லையே! பிள்ளைகளே விரும்பி அவரைப் பின்தொடர்கிறார்கள். வேலி அவருக்குத் தானாகத் திறந்துகொள்கிறது. வயதைப் பொய்யாகக் கொடுத்துக் கணக்குத் தொடங்கிய பிள்ளைக்கு வேலி முதலிலிருந்தே இல்லாமலும் போகலாம். சபையின் பெயரில் ஒரு பக்கம், அதில் நிகழ்ச்சி அறிவிப்பு, அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம். உள்பெட்டிச் செய்திக்கு ஒரே பதில்: "சபை எண்ணுக்கு எழுதுங்கள்."

டெலிகிராமில் பயனர்பெயரை வைத்து எண்ணை மறைக்கலாம் என்பது பலருக்குப் பிடிக்கிறது. அதே டெலிகிராமில் இருவர் உரையாடலில் ஒருவர் எத்தனை மாதம் கழித்தும் இரு பக்கச் செய்திகளையும் அழித்துவிட முடியும். வாட்ஸ்அப்பில் எல்லோருக்குமாக அழிக்க ஏறத்தாழ இரண்டு நாள்தான் அவகாசம். இரண்டாவது கேள்வியை முக்கியமாகக் கருதும் சபைக்கு டெலிகிராம் ஒத்துவராது. ஸ்னாப்சாட் செய்தியை அழிப்பதையே இயல்பாகக் கொண்டது. அதைப் பற்றிக் கமிட்டி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

ஜூம், கூகுள் மீட் கூடுகைகளில் இரண்டு பொறுப்பாளர்கள் வந்தபிறகே பிள்ளைகளை உள்ளே விட வேண்டும், பங்கேற்பாளர்களுக்குள் தனிச்சாட்டை அணைத்துவிட வேண்டும், கேமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது. இந்த மூன்றும் இருந்தால் கூட்டமாகப் பேச இது தாராளமாகப் போதும்.

எதுவுமே வேண்டாம் என்றால்?

ஏதாவது ஒரு சம்பவத்துக்குப் பிறகு கூடும் அவசரக் கமிட்டியில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "இனி யாரும் எந்தப் பிள்ளைக்கும் மெசேஜே அனுப்பக்கூடாது" என்பார். எல்லோரும் தலையசைப்பார்கள். மினிட்ஸில் ஏறும். எழுதுவதற்கு எளிது, செலவில்லாதது, கேட்பதற்குக் கண்டிப்பானது.

நடப்பில் இதுவே எல்லாவற்றிலும் மோசமான வழி என்பது என் கணிப்பு. நல்ல தலைவர்கள் கீழ்ப்படிந்து விலகிக்கொள்வார்கள். கெட்ட எண்ணம் உள்ளவர் கீழ்ப்படியமாட்டார். மாறாக, "நாம் பேசுவதே விதிப்படி தப்பு, அதனால் வெளியே சொல்லாதே" என்று பிள்ளையின் வாயை அடைக்கக் கமிட்டியே அவருக்கு ஒரு காரணத்தைக் கொடுத்ததாகும். பிள்ளையும் விதியை மீறியவளாகிறாள். அகப்பட்டால் தனக்கும் திட்டு விழும் என்று பயந்து மறைக்கிறாள்.

இங்கிலாந்துத் திருச்சபை இவ்வளவு தூரம் போகவில்லை. 2019இல் வெளியிட்ட அதன் பாதுகாப்பு வழிகாட்டுதல், சிறாரோடு பணிபுரிபவர் தன் சொந்தச் சமூக ஊடகக் கணக்கைப் பயன்படுத்தக்கூடாது, வீடியோவில் பேசுவதைக் கூட்டமாக இருக்கும்போது மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. தொடர்பே கூடாது என்று சொல்லவில்லை. சொந்தக் கணக்கையும் தனிமையையும்தான் விலக்குகிறது. அந்த நாட்டின் சட்டம் 2022இல் மதத் தலைவர்களையும் விளையாட்டுப் பயிற்றுநர்களையும் "நம்பிக்கைப் பொறுப்பில் உள்ளவர்கள்" பட்டியலில் சேர்த்தது. அங்கே சம்மத வயது 16; ஆனாலும் தன் பொறுப்பில் உள்ள 16, 17 வயதுப் பிள்ளையோடு சபைத் தலைவர் பாலுறவு வைப்பது இப்போது குற்றம். நம் நாட்டில் வயது வரம்பே 18 என்பதால் அந்த ஓட்டை இங்கே இல்லை. இங்கே குறைவது, சட்டத்தை வாசித்த கமிட்டி.

சபை எண்

நான் கை தூக்குவது இதற்குத்தான். சபையின் பெயரில் ஒரு சிம், பெட்டிக்குள் கிடக்கும் பழைய ஸ்மார்ட்போன் ஒன்று, அதில் நிறுவனங்களுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. ஒரே கணக்கை முதன்மைக் கைபேசியோடு மேலும் நான்கு சாதனங்களில் இணைக்கலாம். எனவே இரண்டு பொறுப்பாளர்களும் வரும் செய்திகளைத் தத்தம் இடத்திலிருந்து படிக்க முடியும். பிள்ளைக்கு ஒரே ஓர் எண் தெரிந்தால் போதும். பிள்ளையின் எண்ணும் அந்த ஒரு கணக்கிலேயே இருக்கும். தலைவர்களின் சொந்தத் தொடர்புப் பட்டியலில் ஏறாது.

இரவு ஒன்பது மணிக்கு மேல் வரும் செய்திக்குத் தானாகப் போகும் பதிலை அமைத்துவிடலாம். இப்படி இருந்தால் போதும்: "இது சபையின் வாலிபர் எண். இரண்டு பொறுப்பாளர்கள் இதைப் படிக்கிறார்கள். காலை 7 மணிக்குப் பிறகு பதில் வரும். இப்போதே உதவி வேண்டுமானால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள்." இந்தச் செய்தியில் மிக முக்கியமான வரி இரண்டாவது. இருவர் படிப்பது பிள்ளைக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் இன்னொருவர் படிப்பது உளவு. அது ஒருநாள் வெளிப்பட்டால் சபைமீது பிள்ளைகளுக்கு இருக்கும் நம்பிக்கை மொத்தமாகப் போய்விடும்.

இருவர் படிக்கும் எண்ணுக்கு யார் மனம் திறப்பார்கள் என்று வாலிப ஊழியர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. முழுக் கதையும் அங்கே வராது. "அக்கா, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்களோடு பேச வேண்டும்" என்ற ஒரு வரி வரும். அதற்குமேல் கைபேசி தேவையில்லை. கோயில் வராந்தாவில், மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி, காதுக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்து பேசலாம். எழுத்தில்தான் தொடர வேண்டும் என்றால் பிள்ளையும் இரண்டு பெரியவர்களும் மட்டும் உள்ள மூவர் குழு ஒன்றைத் திறக்கலாம். சபை எண்ணில் ஒரு பொறுப்பாளர் பழைய உரையாடலை அழித்தால் மற்றவர் திரையிலிருந்தும் அது போய்விடக்கூடும்; மூவர் குழுவில் மற்ற இருவரிடமும் நிற்கும். கனமான விஷயங்களுக்கு அதனால் மூவர் குழுவே மேல்.

உண்மையான செலவு சிம்மில் இல்லை. அந்த இரண்டாவது ஆளைக் கண்டுபிடிப்பதில்தான். வாலிபர் தலைவரின் நெருங்கிய நண்பர் இரண்டாவது ஆளாக முடியாது. ஆயரும் ஆயரம்மாவும் மட்டும் இரண்டு பேராக இருப்பதும் ஒருவரே இருப்பதற்குச் சமம். கணவருக்கு எதிராக மனைவி புகார் எழுத வேண்டிய நிலையை யாருக்கும் கொடுக்கக்கூடாது. ஆணும் பெண்ணுமாக, உறவில்லாத இருவர். பள்ளி ஆசிரியை, செவிலியர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் என்று ஒவ்வொரு சபையிலும் அமைதியான நாற்பது, ஐம்பது வயதுக்காரர் ஒருவராவது இருப்பார். மேடையில் பேசத் தெரியாவிட்டால் பரவாயில்லை. தினமும் பத்து நிமிடம் வாசித்து, வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிய வேண்டும். இருபது குடும்பங்கள் உள்ள சின்ன ஜெப வீட்டில் அப்படி ஆள் கிடைக்காவிட்டால், சபை எண் வைக்க வேண்டாம்; பெற்றோர் குழுவும் நேர்ப்பேச்சும் போதும்.

பத்தொன்பது வயதுத் தலைவரும் பதினேழு வயது உறுப்பினரும் ஞாயிறு பள்ளியிலிருந்தே நண்பர்கள், ஒரே பாடகர் குழுவில் பாடுகிறவர்கள், ஒருவர் எண் மற்றவரிடம் ஏற்கெனவே இருக்கிறது என்றால் என்ன செய்வது? இந்த நட்பைக் கமிட்டியால் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். பொறுப்பை ஏற்ற நாளிலிருந்து ஐக்கியம் சம்பந்தப்பட்ட எல்லாப் பேச்சும் சபை எண்ணில் வர வேண்டும் என்பதை மட்டும் எழுதி வாங்கலாம். அது முடியாது என்கிறவருக்குச் சிறார் பொறுப்பு வேண்டாம், கித்தார் வாசிக்கட்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரு விதி எல்லாவற்றுக்கும் பொது. பிள்ளை ஒரு தகாத படத்தையோ வீடியோவையோ "இதை எனக்கு அனுப்பினார்கள்" என்று காட்டினால், அதை வாங்கிக் கமிட்டிக் குழுவில் சாட்சியாகப் போட்டுவிடாதீர்கள். சிறார் இருக்கும் ஆபாசப் படத்தைப் பரப்புவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு தண்டிக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பை ரத்து செய்து, அப்படிப்பட்ட படத்தை அழிக்காமலும் புகார் தராமலும் வைத்திருப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் கடுமையாகத் தீர்ப்பளித்திருக்கிறது. படம் பிள்ளையின் கைபேசியிலேயே இருக்கட்டும். யார், எப்போது, எந்தக் கணக்கிலிருந்து என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு காவல் நிலையத்துக்கோ 1098க்கோ, இணையக் குற்றமானால் 1930க்கோ சொல்லுங்கள். முதலில் ஆயர் விசாரிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று இரண்டு வாரம் தள்ளிப்போடுவதைச் சட்டம் ஏற்காது. பிள்ளையிடம் துருவித் துருவிக் கேட்பதும் நம் வேலை இல்லை.

என் பரிந்துரை இப்படி வருகிறது. பதின்மூன்றுக்குக் கீழே பெற்றோர் குழு மட்டும். 13 முதல் 17 வரை கம்யூனிட்டி அறிவிப்பும் அதோடு பெற்றோர் குழுவும். தனிப்பட்ட பேச்சுக்குச் சபை எண். 18க்கு மேல் அவர்கள் இஷ்டப்படி ஒரு குழு. சொந்த எண்ணிலிருந்து சிறாருக்குத் தனிச் செய்தி கூடாது. பிள்ளையே முதலில் எழுதிவிட்டால், "சபை எண்ணில் பேசுவோம்" என்று ஒரு வரி எழுதி, அதை அன்றே இரண்டாவது பொறுப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

சிம் யார் பெயரில் என்பதையும் முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். ஆயர் பெயரில் வாங்கினால் அவர் மாற்றலாகிப் போகும்போது எண்ணும் போய்விடும். செயலாளர் பெயரில் வாங்கினால் தேர்தலில் தோற்றபின் கொடுக்கமாட்டார். சபையின் பெயரில் வாங்க அரை நாள் கூடுதலாக அலைய வேண்டியிருக்கும். புதிய கமிட்டி வரும்போது கணக்குப் புத்தகத்தோடும் மினிட்ஸ் புத்தகத்தோடும் அந்தக் கைபேசியையும் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும் மேசையிலேயே இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலைத் திறந்து பழைய பொறுப்பாளர்களின் சாதனங்களை நீக்கி, இரட்டைச் சரிபார்ப்பு ரகசிய எண்ணையும் மாற்றிவிட வேண்டும்.